சொல்லுக்கு 7 சதவீதம்தானா?

“நேர்காணலில் உங்கள் சொற்களுக்கு மதிப்பு 7 சதவீதம்தான், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55” என்ற செய்தி மாணவர்களிடமும் வேலை தேடுவோரிடமும் சுற்றி வருகிறது. இது தவறு.

இந்த எண்கள் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட இரு ஆய்வுகளிலிருந்து வந்தவை. அவற்றில் நேர்காணலும் இல்லை, வகுப்பறையும் இல்லை. ஓர் ஆய்வில் ‘ஒருவேளை’ என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லைப் பல தொனிகளில் ஒலிக்கவிட்டு, கூடவே முகப் படங்களைக் காட்டினார்கள். பேசுபவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடித்திருக்கிறதா என்று ஊகிக்கச் சொன்னார்கள். ஒரே சொல்லை வைத்துச் சோதித்தால் சொல்லுக்கு என்ன மதிப்பு மிஞ்சும்? விருப்பு வெறுப்பைப் பற்றிய பேச்சுக்கு வெளியே இந்தக் கணக்கு செல்லாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். பயிற்சி வகுப்பு நடத்துவோர் பலர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அதற்காக முதல் பார்வையை அலட்சியப்படுத்த முடியாது. ஒரு முகத்தைப் பத்தில் ஒரு நொடி பார்த்தாலே மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது என்று உளவியலாளர்கள் வில்லிஸ், டோடோரோவ் இருவரின் 2006 ஆய்வு காட்டியது. கூடுதல் நேரம் கொடுத்தபோதும் முடிவு பெரிதாக மாறவில்லை. அதன் மீதான நம்பிக்கைதான் ஏறியது. இதைக் கட்டுப்படுத்த வழி உண்டு: நேர்காணலில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண்; பள்ளியில் பெயர் மறைத்த விடைத்தாள்.