காலவரிசை தலைகீழாக இருக்கிறது

"இசைக்குழு கலைந்து பிழைப்பில்லாமல் போனதால்தான் ராக் பாடகர் டீமன் கோகுரே தொலைக்காட்சிப் பக்கம் ஒதுங்கினார்" என்று நண்பர் எழுதியிருப்பது தவறு. அவர் பாடிய ஜப்பானிய ராக் குழுவான செய்கிமாட்சுவின் முதல் இசைத்தட்டு 1985-இல் வந்தது. 1987-லேயே அவர் 'ஆல் நைட் நிப்பான்' வானொலி நிகழ்ச்சியை நடத்தத் தொடங்கிவிட்டார். குழு கலைந்ததோ 1999 டிசம்பர் 31 அன்று. அதுவும் நொடித்துப்போய் அல்ல. நூற்றாண்டு முடிவில் கலைவோம் என்று முன்பே அறிவித்தபடிதான்.

ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே தொலைக்காட்சியின் சுமோ மல்யுத்த ஒளிபரப்பில் 2006-இல் அவர் விருந்தினராக அமர்ந்தார். இசை மேடையில் தோன்றும் அதே வெள்ளை பூசிய பேய் முகம், உடலில் மரபான கிமோனோ. பேசத் தொடங்கினாலோ, மல்லர்களின் பிடியையும் காலடியையும் நுணுக்கமாக அலசும் தேர்ந்த ரசிகர். பிழைப்புக்கு ஒதுங்கியவர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.