பால் கணக்கும் இருக்கட்டும்

சொந்தக் கதையை எதற்கு எழுத வேண்டும், அதில் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அரசியலைவிட, போகிறபோக்கில் அவர் எழுதிவைத்த ஊர் வம்புதான் எனக்குப் பிடிக்கும்.

2011 தானே புயலுக்கு அப்புறம் நானும் ஒரு நோட்டு போட்டேன். பண்ருட்டி பக்கம் எங்கள் கொல்லைப் பலாமரம் வேரோடு சாய்ந்தது. காற்று அடங்கியதும் அம்மா அதன்மேல் உட்கார்ந்து பல் துலக்கினாள். அதை எழுதினேன். மறுபக்கத்திலேயே வீட்டார் பால் கணக்கு ஏற்றிவிட்டார்கள். முதலில் கோபம்தான். சரி, இருக்கட்டும் என்று விட்டேன். இப்போது புரட்டினால் அதில் மூன்று நாள் 'பால் இல்லை', நாலாம் நாள் 'அரை லிட்டர், கடன்'.