திரும்பி வராத கை

மார்வெல் நிறுவனத்தின் புதிய அல்டிமேட் ஸ்பைடர்மேன் காமிக்ஸின் நாலாவது இதழை நேற்று ராத்திரி மறுபடியும் எடுத்துப் படித்தேன். சண்டை என்று சொல்ல அதில் அதிகம் இல்லை. ஸ்பைடர்மேனான பீட்டரும் அவன் மனைவி மேரி ஜேனும் ஒரு பக்கம், ஹாரி ஆஸ்பார்னும் க்வென்னும் எதிர்ப்பக்கம். நாலு பேரும் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள். இதழின் பெரும்பகுதி இவ்வளவுதான். ஆனால் ஒரு பக்கத்தையும் அவசரமாகப் புரட்டத் தோன்றவில்லை. யார் பேச்சை மாற்றுகிறார்கள், யார் சட்டென்று அமைதியாகிவிடுகிறார்கள் என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். வழக்கமாக இந்தத் தொடரை வரையும் மார்கோ கெக்கெட்டோ இந்த இதழில் இல்லை, டேவிட் மெசினா வரைந்திருக்கிறார். முகங்களை மட்டும் நம்பி ஒரு இதழையே கொண்டுபோக அவருக்குத் துணிச்சல் இருந்திருக்கிறது.

இந்த இரண்டு மூன்று வருஷங்களில் வந்த சூப்பர் ஹீரோ, சாகச காமிக்ஸ்களை வரிசையாகப் படித்து வருகிறேன். எது மனதில் நிற்கிறது, எது மறுநாளே மறந்துபோகிறது என்று யோசித்தால் ஒரே விஷயத்தில்தான் போய் நிற்கிறேன். அந்த நாயகனுக்கோ நாயகிக்கோ ஏதாவது போக வேண்டும். போனது போனதாகவே இருக்க வேண்டும். அடுத்த வருஷம் யாரோ ஒரு எழுத்தாளர் வந்து எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி வைத்துவிடுவார் என்று தெரிந்த பிறகு எனக்குப் பயமும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை.

ஸ்பைடர்மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் 1987-இல் கல்யாணம் நடந்தது. இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். 2007-இல் மெஃபிஸ்டோ என்கிற சாத்தானோடு ஒப்பந்தம் போட்டு, அத்தை மேயின் உயிருக்குப் பதிலாக அந்தக் கல்யாணத்தையே நடக்காததாக ஆக்கிவிட்டார்கள். விவாகரத்துகூட இல்லை, அப்படி ஒன்று நடந்ததே யாருக்கும் ஞாபகம் இல்லை. நாயகன் இளைஞனாகவே இருந்தால்தான் வாசகர் ஒட்டுவார் என்று கணக்குப் போட்டார்கள். அவனோடு சேர்ந்து வயதான வாசகர்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

அதனால்தான் 2024 ஜனவரியில் ஜோனதன் ஹிக்மன் எழுத்தில், வழக்கமான கதையோடு ஒட்டாத அல்டிமேட் என்ற தனி உலகத்தில் இந்தப் புதிய தொடர் வந்தபோது, ரொம்ப நாளாகக் காத்திருந்த கடிதம் கைக்கு வந்தது போல இருந்தது. இங்கே பீட்டருக்கு முப்பது தாண்டிவிட்டது. மனைவி மேரி ஜேன், பிள்ளைகள் ரிச்சர்டும் மேயும். பென் சித்தப்பா உயிரோடு இருக்கிறார், அத்தை மேதான் இல்லை. சிலந்தி தற்செயலாக வந்து கடிக்கவில்லை. உனக்குச் சேர வேண்டிய வாழ்க்கை உன்னிடமிருந்து திருடப்பட்டுவிட்டது, வேண்டுமா சொல் என்று கேட்டு ஒருவன் அதைக் கையில் கொடுக்கிறான். பீட்டர் யோசித்து, எடுத்துக்கொள்கிறான். பதினைந்து வயதுப் பையனுக்கு சக்தி கிடைப்பது அதிர்ஷ்டம். வீட்டில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு அப்பா அதைத் தானாகக் கேட்டு வாங்குவது வேறு விஷயம். அன்றிலிருந்து அவன் ஜன்னல் வழியாக வெளியே குதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வீட்டையும் சேர்த்துத்தான் பணயம் வைக்கிறான்.

அப்புறம் இந்த வரிசையில் காலம் நகர்கிறது. நமக்கு ஒரு மாதம் போனால் அவர்களுக்கும் ஒரு மாதம். அதனால் முப்பது நாள் கழித்து அடுத்த இதழைத் திறக்கும்போது, அவர்களும் அந்த முப்பது நாளை எங்கேயோ வாழ்ந்துவிட்டு வந்தது போல இருக்கிறது. குறையும் உண்டு. நடுவில் எனக்கு வேண்டிய சில சண்டைகள் இரண்டு இதழ்களுக்கு இடையிலேயே முடிந்துபோயின, பாத்திரங்கள் வாயால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஹிக்மனுக்கு உலகத்தைக் கட்டுவதில் இருக்கிற பொறுமை சில சமயம் அடிதடியில் இல்லை. பரவாயில்லை, அந்த வீட்டுக்குள் அவர் என்னை உட்கார வைத்துவிட்டார்.

சரி, போட்டி நிறுவனமான டிசி பக்கம் வருவோம். பழைய நாயகர்களைப் புதிதாக எழுதும் அவர்களுடைய வரிசைக்கு அப்சொல்யூட் என்று பெயர். 2024 அக்டோபரில் ஸ்காட் ஸ்னைடரும் நிக் டிரகோட்டாவும் அப்சொல்யூட் பேட்மேனைத் தொடங்கினார்கள். பேட்மேனாகும் பணக்காரன் புரூஸ் வேனிடமிருந்து பணத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி. மாளிகை இல்லை, குகை இல்லை, பணிவிடை செய்ய ஆல்ஃபிரட் இல்லை. ஆல்ஃபிரட் இங்கே வேவு பார்க்க வந்த உளவாளி. அப்பா தாமஸ் ஒரு ஆசிரியர், பள்ளிப் பிள்ளைகளை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போன இடத்தில் துப்பாக்கிச்சூட்டில் செத்துப்போகிறார். அம்மா மார்த்தா உயிரோடு இருக்கிறார். புரூஸ் ஒரு பொறியாளன். நகரத்தின் பாலமும் சுரங்கமும் சாக்கடையும் அவனுக்கு அத்துப்படி. பணக்காரன் யார் என்றால் ஜோக்கர்.

இதில் ஒரு சின்னச் சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெஞ்சில் இருக்கும் அந்த வௌவால் சின்னம் கழன்று வந்து கோடரியாகிறது. எண்பத்தைந்து வருஷமாக வெறும் அடையாளமாக ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றை ஒருவன் கழற்றிக் கையில் பிடிக்கிறான். பணம் இல்லாதவன் உடம்பில் இருக்கிற எதையும் வீணாக விடமாட்டான் என்பது அந்த ஒரே படத்தில் புரிந்துவிடுகிறது, வசனமே தேவைப்படவில்லை. டிரகோட்டா பக்கத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கிக்கொண்டே போய், திடீரென்று முழுப் பக்கத்துக்கும் அந்த மலை போன்ற உருவத்தை நிறுத்துகிறார். ஃபிராங்க் மார்ட்டினின் வண்ணம் அதற்கு இன்னும் எடை சேர்க்கிறது. இந்த மாதிரிப் பக்கங்களைக் கைபேசியில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிப் படிக்காதீர்கள். பக்கம் முழுதாகக் கண்ணில் விழுந்தால்தான் அந்த அடி விழும்.

முதல் ஆறு இதழ்கள் எனக்கு மிகவும் பிடித்தன. பேன் என்கிற வில்லன் வந்த பிறகுதான் கொஞ்சம் விலகினேன். வன்முறை ஏறிக்கொண்டே போகிறது, உடல்கள் வீங்கிக்கொண்டே போகின்றன. புரூஸின் சின்ன வயது நண்பர்கள்தான் இந்தக் கதையின் உயிர். வேலன் ஜோன்ஸ், எட்வர்ட் நிக்மா, ஆஸ்வால்ட் காபில்பாட், ஹார்வி டென்ட். வேறு கதைகளில் இவர்கள் எல்லோரும் வில்லன்கள், இங்கே ஒன்றாக வளர்ந்த கூட்டாளிகள். இவர்களுக்கு என்ன ஆகுமோ என்ற பதைப்பில்தான் நான் இந்தத் தொடரைப் படிக்கிறேன். அந்தப் பதைப்பை ரத்தத்தில் நனைத்தால் கூடும் என்று ஸ்னைடர் நினைக்கிறார். எனக்குக் குறைந்துதான் போகிறது.

ஆனால் இந்த வரிசையிலேயே மேலானது எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: அப்சொல்யூட் வொண்டர் வுமன். எழுத்து கெல்லி தாம்சன், ஓவியம் ஹேடன் ஷெர்மன், வண்ணம் ஜோர்டி பெல்லேர். 2025-இல் சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் என்கிற காமிக்ஸ் விருது இதற்குத்தான் கிடைத்தது.

வொண்டர் வுமன் ஆகப்போகும் டயானாவைக் கைக்குழந்தையாக நரகத்தில் கொண்டுவந்து விடுகிறார்கள். அங்கே தண்டனையில் இருக்கும் சூனியக்காரி சர்சியிடம் அவள் வளர்கிறாள். அவள் பிறந்த வீராங்கனைக் குலத்தின் பெயரான அமேசான் என்ற சொல்லே அவளிடம் சொல்லப்படக் கூடாது. நரகத்தில் வளர்ந்தவள் கொடூரமானவளாகத்தான் வருவாள் என்று நானும் எதிர்பார்த்தேன். வரவில்லை. எலும்புக்கூட்டுக் குதிரையில், ஆள் உயர வாளோடு, பார்த்தாலே நடுங்க வைக்கும் கோலத்தில் வந்து இறங்குகிறவள் இந்த வரிசையிலேயே கனிவு மிகுந்தவள். அந்தக் கனிவை அவளுக்கு யார் கொடுத்தது என்று தேடிப்போனால் சர்சி நிற்கிறாள். முதலில் வேண்டாவெறுப்பாகக் குழந்தையை ஏற்றவள் மெல்ல மெல்லத் தாயாகிறாள். வளர்ப்புத் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இருக்கிற அந்த அன்பை இவ்வளவு அடக்கமாகச் சொன்ன சூப்பர் ஹீரோ கதையை நான் சமீபத்தில் படிக்கவில்லை.

அப்புறம் அந்தக் கை. ஸ்டீவ் ட்ரெவர் என்கிற ஒரு மனிதன் நரகத்தில் வந்து மாட்டிக்கொள்கிறான். அவனைத் திருப்பி மேலே அனுப்ப வேண்டுமானால் விலை கொடுக்க வேண்டும். டயானா தன் வலது கையைக் கொடுக்கிறாள். அந்தப் பக்கத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். பெரிய வசனம் இல்லை, தியாகத்தைப் பற்றிப் பிரசங்கம் இல்லை. பழக்கமில்லாத ஒரு ஆளை அவன் ஊருக்கு அனுப்ப ஒரு கை கேட்கிறார்கள், சரி என்று கொடுத்துவிடுகிறாள். பிறகு அந்த இடத்தில் மந்திரத்தால் ஆன கை இருக்கிறது. வாளைத் தூக்கும் ஒவ்வொரு படத்திலும் அது நம் கண்ணில் படுகிறது. அவள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை, ஓவியர்தான் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறார். நான் மேலே சொன்ன விஷயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

டெனிஸ் கேம்ப் எழுத, ஹாவியர் ரோட்ரிகஸ் வரைந்து வண்ணமும் தீட்டிய அப்சொல்யூட் மார்ஷியன் மேன்ஹன்டரை எல்லோருக்கும் சிபாரிசு செய்யத் தயங்குவேன். முதல் வாசிப்பில் தலை சுற்றும். ஜான் ஜோன்ஸ் என்கிற எஃப்பிஐ அதிகாரி ஒரு குண்டுவெடிப்பில் தப்பிப் பிழைக்கிறார், அதன் பிறகு அவர் மனதுக்குள் ஒரு வேற்றுக்கிரகவாசி குடியேறிவிடுகிறது. மனிதர்களின் எண்ணங்கள் அவருக்கு வண்ணப் புகையாகத் தெரிகின்றன. மற்ற கதைகளில் வண்ணம் படத்துக்கு மேல் பூசப்படுகிறது, இங்கே கதையையே வண்ணம்தான் சொல்கிறது. பொறுமையாக இரண்டு தடவை படித்தால் பிடிபடும். வேலை வேலை என்று ஓடி மனைவியிடமும் மகனிடமும் பேச்சற்றுப் போன ஒரு மனிதனுக்கு, ஊரார் மனதெல்லாம் தெரிகிறது, தன் வீட்டார் மனதுதான் எட்டவில்லை. அந்த வலிதான் இதில் மையம்.

அப்சொல்யூட் சூப்பர்மேன் பரவாயில்லை. கிரிப்டான் கிரகத்தில் அவன் குடும்பத்தை உழைக்கும் வர்க்கமாக ஜேசன் ஆரன் காட்டியது நல்ல யோசனை. அதே வரிசையில் வந்த ஃப்ளாஷ் எனக்கு ஒட்டவில்லை.

இப்போது எரிச்சலான விஷயம். ஓடிக்கொண்டிருக்கும் தொடரையே மறுபடி ஒன்றிலிருந்து எண்ணி 'முதல் இதழ்' என்று போட்டு விற்கிறார்களே, அதைப் பற்றி. அமேசிங் ஸ்பைடர்மேனுக்கு 2014, 2015, 2018, 2022, 2025 என்று பதினொரு வருஷத்துக்குள் ஐந்து முதல் இதழ்கள். பேட்மேனுக்கு 2011, 2016, இப்போது 2025 செப்டம்பர். மேட் ஃபிராக்ஷனும் ஹோர்ஹே ஹிமெனெஸும் சேர்ந்து செய்யும் இந்த பேட்மேன் நன்றாகவே இருக்கிறது, ஹிமெனெஸின் கோடுகளில் ஒரு துள்ளல் இருக்கிறது. அந்தத் துள்ளலுக்கு அட்டையில் ஒன்று என்ற எண் தேவையே இல்லை. அதோடு ஒரே இதழுக்குப் பத்துப் பதினைந்து அட்டைகள் வேறு. உள்ளே இருப்பது அதே பக்கங்கள்தான். புதிதாகப் படிக்க வருகிறவர் எந்த ஒன்றாம் எண்ணில் தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார். ஆக்‌ஷன் காமிக்ஸைப் பாருங்கள். 2011-இல் அதையும் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள், ஆனால் 2016-இல் பழைய கணக்கையே திரும்ப எடுத்து 957 என்று போட்டார்கள், 2018-இல் ஆயிரத்தைத் தொட்டார்கள். அந்த ஆயிரம் என்ற எண்ணைப் பார்த்தபோது வந்த மரியாதை எந்த ஒன்றுக்கும் எனக்கு வந்ததில்லை.

2025-இல் மார்வெலும் டிசியும் கைகோத்து டெட்பூலையும் பேட்மேனையும் சந்திக்க வைத்தார்கள். ஜாலியாகப் படித்தேன். யாருக்கும் எதுவும் ஆகாது என்று முதல் பக்கத்திலேயே தெரியும், அதனால் படித்து முடித்ததோடு சரி.

சாகசக் கதைகளில் எனக்கு இப்போது தினசரி மகிழ்ச்சி, நாள்தோறும் சில கட்டங்களாக வரும் ஃப்ளாஷ் கார்டன் தொடர்தான். 1934-இல் அலெக்ஸ் ரேமண்ட் தொடங்கிய அதே கார்டன். 2023 அக்டோபரிலிருந்து டான் ஷ்கேட் தனியாக எழுதி வரைகிறார். ஒரு நாளைக்குச் சில கட்டங்கள்தான். அதற்குள் நேற்று விட்ட இடத்தைத் தொட வேண்டும், கதையை ஓரடி நகர்த்த வேண்டும், கடைசிக் கட்டத்தில் நாளைக்கு நம்மை வரவழைக்க வேண்டும். மாத இதழில் இருபது பக்கம் கிடைத்தும் ஒன்றும் நகராத கதைகள் இருக்கின்றன. இவரோ சில கட்டங்களில் ஒரு ராஜ்ஜியத்தின் அரசியலையே சொல்லிவிடுகிறார். இதைத் தினமும் செய்வது எவ்வளவு பெரிய உழைப்பு என்று யோசித்தால் கும்பிடத் தோன்றுகிறது.

சீசரின் ரோமப் படைக்கு அடங்காத சின்னக் கிராமத்து வீரன் ஆஸ்டெரிக்ஸின் 41-ஆவது ஆல்பம் 2025 அக்டோபரில் வந்தது. இந்த முறை லூசிடானியா, அதாவது இன்றைய போர்ச்சுகல் பக்கம். சீசருக்கு விஷம் வைக்கப் பார்த்ததாகப் பொய்ப் பழி சுமந்த ஒரு மீன் சாறு வியாபாரியைக் காப்பாற்ற ஆஸ்டெரிக்ஸும் நண்பர்களும் போகிறார்கள். ஃபேப்காரோவின் வசனத்தில் சிரித்தேன், டிடியே கான்ராடின் கோடு, முதலில் வரைந்த உடெர்சோவின் கையைவிட்டு அதிகம் விலகவில்லை. கதைதான் கொஞ்சம் மெலிசு. இருந்தாலும் அந்தக் கிராமத்தில் எதுவும் மாறக் கூடாது என்றே நான் ஆசைப்படுகிறேன். போனது போனதாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்னேனே, ஆஸ்டெரிக்ஸிடம் அதைக் கேட்க எனக்கு மனசு வராது. அவர்கள் ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் திரும்பி விருந்துக்கு உட்கார வேண்டும்.

அல்டிமேட் பிரபஞ்சத்தை எண்ட்கேம் என்ற கதையோடு முடித்துக்கொள்வதாக மார்வெல் அறிவித்தபோது நண்பர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். நன்றாக ஓடும்போது ஏன் நிறுத்துகிறார்கள் என்று. எனக்கும் அந்த வீட்டைப் பிரிவதில் வருத்தம்தான். ஆனாலும் அந்த அப்பாவுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு முடிவு இருக்கட்டும். இருபது வருஷம் கழித்து இன்னொருவர் வந்து, அந்தப் பிள்ளைகள் பிறக்கவே இல்லை என்று எழுதாமல் இருந்தால் போதும்.

வொண்டர் வுமனின் முதல் சில இதழ்களைப் படித்தவர்கள் கீழே எழுதுங்கள். அந்தக் கையைக் கொடுக்கும் பக்கத்தில் நீங்கள் முதலில் எதைப் பார்த்தீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன், கையைப் பார்க்க ரொம்ப நேரம் பிடித்தது.