பூட்டு போட்ட பெட்டியும் செம்மரக் கேஸும்

கிரண் பேடின்னு சொன்னாலே நம்மாளுங்க நேரா புதுச்சேரி கவர்னர் சண்டைக்குப் போயிடறாங்க. எனக்கும் அதுல அவங்க மேல கோவம்தான். ஆனா 1972ல ஐபிஎஸ்ல சேர்ந்த நாட்டோட முதல் பொம்பள, 1993ல திகார் ஜெயிலுக்கு ஐஜியா போயி செஞ்சதையும் அதோட சேத்து தூக்கிப் போட எனக்கு மனசு வரல.

திகார்னா எல்லாரும் விபாசனாவத்தான் பேசுவாங்க, 1994 ஏப்ரல்ல ஆயிரம் பேருக்கு மேல ஒண்ணா உக்காந்து தியானம் பண்ணாங்க, அதே வருஷம் மகசேசே விருது. சரி, நல்லதுதான். எனக்குப் பெருசாத் தெரியறது அவங்க அங்க கொண்டு வந்த மனுப்பெட்டி. பூட்டு போட்ட பெட்டி ஒண்ணு வார்டு வார்டா வரும், சாவி வார்டருங்க கிட்ட இருக்காது, அடிக்கறாங்க, சோறு சரியில்ல, என் கேஸ் என்னாச்சுன்னே தெரியலன்னு எத வேணா எழுதிப் போடலாம். அங்க இருந்ததுல பெரும்பாலானவங்க தீர்ப்பே வராத விசாரணைக் கைதிங்க.

நான் அரூர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். போன மாசம் சித்தேரி மலையிலருந்து ஒரு அக்கா மஞ்சப்பையோட வந்தாங்க. புருஷன் செம்மரம் வெட்டப் போன கேஸ்ல ஆந்திரா ஜெயில்ல. (2015 ஏப்ரல் 7, செம்மரம் வெட்ட வந்தாங்கன்னு சேஷாசலம் காட்டுல ஆந்திரா போலீஸ் 20 பேர சுட்டாங்களே, அதுக்கப்புறமும் போறாங்களான்னு கேக்காதீங்க, மலையில வேலை இருந்தா யாரு போவா.) பையிலருந்து ஒரு பேப்பர எடுத்து நீட்டுனாங்க, முழுக்க தெலுங்கு. "தம்பி, எப்ப வுடுவாங்கன்னு இதுல போட்டிருக்கா?"

சட்டம் இருக்குங்க. புது குற்றவியல் நடைமுறைச் சட்டம், அதான் பிஎன்எஸ்எஸ், அதோட 479வது பிரிவுபடி மொத தடவ மாட்டுனவரு, அந்தக் குத்தத்துக்கு உள்ள அதிகபட்ச தண்டனையில மூணுல ஒரு பங்கு உள்ள இருந்துட்டா ஜாமீன்ல வுடணும், கோர்ட்டுக்கு எழுத வேண்டியது ஜெயில் சூப்பிரண்டு பொறுப்பு. ஆனா அதே பிரிவுலயே ஒண்ணுக்கு மேல கேஸ் நிலுவையில இருந்தா கிடையாதுன்னும் இருக்கு. ஒரே ஆளு மேல ரெண்டு மூணு கேஸ் போட்டுட்டா முடிஞ்சுது. எத்தன கேஸ்னு அந்த ஆளுக்காவது தெரியுமான்னா, தெலுங்கு படிக்கத் தெரியாது, கேட்டுச் சொல்ல ஆளில்ல, எழுதிப் போட அங்க பெட்டி இருக்கா?

தெலுங்கு தெரிஞ்ச பேக்கரிக்காரர கூப்ட்டு படிக்கச் சொன்னேன். தேதி எதுவும் இல்ல, கேஸ் நம்பர் மூணு இருந்துச்சு. அக்கா அத லேமினேஷன் பண்ணிக் குடுன்னாங்க, மழையில நனையுதாம். பண்ணிக் குடுத்தேன், காசு வாங்கல.