கருணை ஊசி போட்டால் செல்லப்பிராணி துடித்துச் சாகிறதா?

"கருணைக்கொலை ஊசி உடம்பை மட்டும்தான் முடக்கும். நினைவோடு மூச்சுத்திணறித்தான் நாய் சாகும், கண் மூடாமல் கிடப்பதே சாட்சி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிவருகிறது. தவறு.

கால்நடை மருத்துவர்கள் இதற்குப் பரவலாகப் பயன்படுத்துவது பென்டோபார்பிட்டால். அது மயக்க மருந்து. மிக அதிக அளவில் ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். சில நொடிகளில் நினைவு போய்விடும். மூச்சும் இதயமும் நிற்பது அதற்கப்புறம்தான். பலர் முதலில் தூக்க ஊசி போட்டு, பிராணி அசந்த பிறகே இதைச் செலுத்துவார்கள்.

கண்? இமையை மூடத் தசை வேலை செய்ய வேண்டும். இறந்தபின் தசை தளர்ந்துவிடுவதால் திறந்தே நிற்கும். சிறுநீர் பிரிவதும் அதனால்தான். கால் லேசாக வெட்டி இழுப்பது, ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் வாய் அசைவது எல்லாம் நினைவற்ற உடம்பின் அனிச்சை அசைவுகள். பார்ப்பவரைக் குலைத்துப்போடும் காட்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது வலியின் அடையாளமல்ல.

"நானே கொன்றுவிட்டேனோ" என்று ஏற்கெனவே குமைந்துகொண்டிருப்பவர் கைக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்வதுதான் கொடுமை. இனி முடிவெடுக்க வேண்டியவர்கள், தூக்க ஊசி முதலில் உண்டா, கடைசிவரை கூடவே இருக்கலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.