தராசுப் பக்கத்தில் யார் நிற்பது?

போன வாரம் நீலகிரியில், பந்தலூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மழை விட்ட சாயங்காலம், அண்ணி டீயும் வர்க்கியும் வைத்தார். அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். பேச்சு எங்கெங்கோ சுற்றி, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் நிலத்தை வனத்துறையிடம் ஒப்படைக்கும் விஷயத்தில் வந்து நின்றது. அவன் பட்டென்று சொன்னான்: "அத்தை, எஸ்டேட்டை எல்லாம் கெடுத்ததே யூனியன்தான். அரசாங்கம் எதுக்கு டீத்தூள் விக்கணும்? தனியார்கிட்ட விட்டுட்டு ஒதுங்கிட்டா சந்தையே எல்லாத்தையும் சரி பண்ணிடும்."

அவன் நல்ல பிள்ளை. படித்தவன், பாட்டி மேல் உயிரையே வைத்திருப்பவன். அதனால்தான் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அங்கே என்னால் கோர்வையாகப் பதில் சொல்ல முடியவில்லை. கூடலூர் தாண்டி பஸ்ஸில் வரும்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தம்பி, உனக்குத்தான் இதை எழுதுகிறேன், உன்னைப் போல நினைக்கிறவர்களும் படிக்கட்டும்.

உன் பாட்டி கொழுந்து பறித்த எஸ்டேட்டின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள், முள் ஆடி நிற்பதற்குள் கணக்குப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுவார். 23 கிலோ என்றால் நோட்டில் 21 ஏறும். 2 கிலோ கழிவு. கேட்டால் சாக்கு எடை, இலையில் தண்ணீர் என்பார்கள். மழை நாளில் சரி, மார்ச் மாதத்து வெயிலில் மண் வெடித்துக் கிடக்கும்போதும் அதே 2 கிலோதான். மூன்று நிறுவைக்கு 6 கிலோ. அன்றைய அளவுக்கு மேல் பறித்த கிலோவுக்குத்தான் கூடுதல் காசு என்பதால், அம்மாவின் கூடுதல் காசு பாதி நாள் அந்தக் கழிவிலேயே போய்விடும்.

எங்கள் லைனில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், சங்கத்துப் பெண் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அக்கா. பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். ஒரு நாள் அடைமழையில் நிறுவை நடந்துகொண்டிருந்தபோது, கொழுந்தைக் கொட்டிவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்த வெறும் சாக்கை எடுத்துக் கொக்கியில் மாட்டி, "இப்ப படிங்க ஐயா" என்றார். முக்கால் கிலோகூட வரவில்லை. நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன், அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், என் கண்ணால் பார்த்தேன். பெண்கள் யாரும் சத்தம் போடவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றார்கள், அவ்வளவுதான். விஷயம் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து குன்னூர் லேபர் ஆபீசர் வரைக்கும் போய், கடைசியில் வெயில் நாளில் சாக்கு எடை மட்டும், மழை நாளில் 1 கிலோ என்று முடிவானது. அதற்குப் பிறகு அக்கா ஓய்வு பெறும்வரை தராசுப் பக்கத்தில் தன் நோட்டோடு நிற்பார். தொழிற்சங்கம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கொடியும் கோஷமும் ஞாபகம் வருவதில்லை, அந்த ஈரச் சாக்குதான் ஞாபகம் வரும்.

நீ சொல்கிற சந்தை அந்த இடத்தில் என்ன செய்திருக்கும்? அம்மாவுக்குப் பிடிக்காவிட்டால் வேறு எஸ்டேட்டுக்குப் போகலாம் என்பாய். குடியிருக்கும் வீடு எஸ்டேட் வீடு. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் விட வேண்டும். பக்கத்து எஸ்டேட்டிலும் அதே கூலி, அதே கழிவு. ஏன் அதே கூலி என்று யோசித்திருக்கிறாயா? தோட்ட முதலாளிகளுக்குச் சங்கம் உண்டு தம்பி. தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி 1893-இல் தொடங்கியது. அதன் தலைமையிடம் நம் குன்னூரில்தான் இருக்கிறது, க்ளென்வியூ, நீயே அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருப்பாய். முதலாளிகள் கூடிப் பேசி அரசாங்கத்திடம் தங்களுக்கு வேண்டியதைக் கேட்பதை யாரும் தொழிலைக் கெடுப்பதாகச் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை, அது அவர்கள் உரிமை. ஆனால் கூலிக்காரர்கள் கூடினால் மட்டும் ஏன் குற்றம்?

உண்மையிலேயே அதைக் குற்றமாகத்தான் பார்த்தார்கள். சென்னையில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918-இல் சங்கம் வைத்தார்கள். பி.பி. வாடியா என்ற தலைவரும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியா மீதே வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. அந்த வழக்கு கிளப்பிய கோபத்தில்தான் சங்கம் வைப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. முதலாளிகள் சங்கத்துக்கும் தொழிலாளி தைரியமாகச் சங்கம் வைப்பதற்கும் நடுவில் 33 வருஷம். அந்த 33 வருஷமும் அரசாங்கம் ஒதுங்கி இருக்கவில்லை, ஒரு பக்கமாக நின்றது. நான் பார்த்தவரை அரசாங்கம் ஒதுங்குவது என்று ஒன்று கிடையாது. தராசில் யார் பக்கம் கை வைக்கிறது என்பதுதான் கேள்வி.

1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலாளிக்கு வீடு, மருத்துவம், குடிதண்ணீர், 50 பெண்கள் வேலை செய்தால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவம் என்று முதலாளியின் கடமைகளை எழுதி வைத்தது. நானும் உன் அப்பாவும் வளர்ந்தது அந்தப் பிள்ளைமடுவத்தில்தான். காலையில் எட்டு மணிக்கு ஒரு டம்ளர் பால், ஆயா கையால் ஒரு பிடி சுண்டல். சட்டத்தில் இருந்ததால் தானாக வந்துவிடவில்லை. இரண்டு மாதம் பால் நின்றுபோனபோது அதே அக்காதான் பத்துத் தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தார். சட்டம் மட்டும் இருந்தால் அது அலமாரியில் தூங்கும். சங்கம் மட்டும் இருந்து சட்டம் இல்லாவிட்டால் எதைக் காட்டிக் கேட்பது? இரண்டும் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. இன்றைக்கும் ஒரு நாள் கூலி நானூற்றுச் சொச்சம். இதில் ஒரு குடும்பம் எப்படி ஓடுகிறது? ரேஷன் அரிசியால் ஓடுகிறது, அரசு ஆஸ்பத்திரியால் ஓடுகிறது, பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைக்கும் சாப்பாட்டால் ஓடுகிறது. இதையெல்லாம் இலவசம் என்று கேலி பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்க முடியாத ஆத்திரம் வரும். அந்த அரிசி இல்லாவிட்டால் இந்தக் கூலிக்கு ஆள் கிடைக்காது. அரசாங்கம் தொழிலாளிக்குக் கொடுப்பதில் ஒரு பங்கு முதலாளியின் கணக்கிலும்தான் வரவாகிறது.

சரி, அரசாங்கம் தொழில் நடத்தலாமா என்று கேட்டாய். உன் கொள்ளுத்தாத்தா சிலோனிலிருந்து வந்தவர். 1964-இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள், சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவு செய்தார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் அரசு ஆரம்பித்த தேயிலைத் திட்டம்தான் பிறகு டான்டீ ஆனது. காட்டை வெட்டித் தோட்டம் போட்டது சரியா என்று இன்றைக்குக் கேட்கலாம், யானைகளின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எந்தத் தனியார் முதலாளி ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலையோடு கூரையும் தருகிறேன் என்று முன்வந்தார்? லாபக் கணக்கு பார்த்தால் அது நடந்தே இருக்காது.

அதே அரசாங்கம் முதலாளியாக உட்கார்ந்த பிறகு முதலாளி மாதிரியே பேச ஆரம்பித்தது என்பதும் உண்மை. அதை நான் மறைக்கப் போவதில்லை. நஷ்டம் என்று சொல்லித் தோட்டங்களை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்கும்போது, அங்கேயே பிறந்து அங்கேயே கிழவியான பெண்கள் எங்கே போவார்கள் என்பதற்குப் பதில் முதலில் வந்திருக்க வேண்டும். ஓய்வு பெற்றவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது காகிதத்தில் ஒரு வரிதான். அறுபது வயதில் அந்த வரியைப் படிக்கிறவளுக்கு ஊர் என்று வேறு எதுவும் கிடையாது.

அரசு நடத்தினால் தொழில் உருப்படாது என்பதற்கு ஊட்டி பிலிம் பேக்டரியை நீ உதாரணம் காட்டினாய். 1960-இல் ஆரம்பித்த பொதுத்துறை நிறுவனம், நலிந்து மூடிப் போனது, ஒத்துக்கொள்கிறேன். டிஜிட்டல் வந்தது தெரிந்தும் மாறாமல் இருந்ததற்கு நிர்வாகமும் டெல்லியும் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அமெரிக்காவில் பிலிம் கம்பெனியான கோடக் 2012-இல் திவால் மனு கொடுத்ததே, அது எந்த அரசாங்கம் நடத்திய கம்பெனி?

இப்போது சங்கத்தைப் பற்றி உன் பக்கம் இருக்கும் நியாயத்துக்கு வருகிறேன். அந்த அக்கா ஓய்வு பெற்ற பிறகு எங்கள் எஸ்டேட்டில் சந்தா மட்டும் சம்பளத்தில் ஒழுங்காகப் பிடித்தார்கள். தராசுப் பக்கத்தில் யாரும் வரவில்லை. தலைவர்கள் மேனேஜர் ரூமுக்குள் போய் டீ குடித்துவிட்டு, வெளியே வந்து "பேசி முடிச்சாச்சு" என்பார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்ட பெண்ணுக்கு மறுநாள் சரிவில் கடைசி வரிசை. இது எங்கள் எஸ்டேட்டோடு முடிந்த கதையும் இல்லை. 2015 செப்டம்பரில் கேரளத்து மூணாறில் ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், போனஸைக் குறைத்ததற்காக ரோட்டில் உட்கார்ந்தார்களே, அவர்கள் கம்பெனியோடு சேர்த்துத் தங்கள் யூனியன் தலைவர்களையும்தான் எதிர்த்தார்கள். சமாதானம் பேச வந்த தலைவர்களைக் கிட்டவே விடவில்லை. பெண்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டு, கேட்ட 20 சதவீதத்தை வாங்கிவிட்டுத்தான் எழுந்தார்கள். யூனியன் கெட்டுப்போனபோது அவர்கள் சந்தையிடம் போகவில்லை, தாங்களே ஒன்று சேர்ந்தார்கள். நான் உன்னிடம் சொல்ல நினைத்ததெல்லாம் இதற்குள் இருக்கிறது.

அப்புறம் உன் அப்பாவைப் பார். ஒன்றரை ஏக்கர் தேயிலை, அதில் வந்த காசில்தான் நீ கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தாய். அவர் சொந்தக்காலில் நிற்கிற சிறு முதலாளி, உன் கணக்குப்படி சந்தை அவருக்கு நல்லது செய்ய வேண்டும். ஏலத்தில் தூள் விற்ற விலையில் விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்று தேயிலை வாரியம் பங்கு வைத்து மாதாமாதம் பச்சை இலைக்கு ஒரு விலை சொல்கிறது. ஆனால் தொழிற்சாலைக்கு இலை வாங்கும் ஏஜென்ட் வண்டியில் ஏற்றும்போது அதே தராசு, அதே கழிவு. அம்மாவுக்கு 2 கிலோ பிடித்த அதே பேச்சு, மழை, ஈரம், முத்தின இலை. சோவியத் நாடு உடைந்து ஏற்றுமதி போய், தொண்ணூறுகளின் கடைசியில் விலை விழுந்தபோது இந்த மலையில் எத்தனை பேர் செடியைக் கிளை வெட்டிக் கவ்வாத்துக்கூட பண்ணாமல் விட்டுவிட்டு திருப்பூருக்குப் போனார்கள் என்று அப்பாவைக் கேள். அறுபதுகளில் குந்தாவில் விவசாயிகள் சேர்ந்து கூட்டுறவுத் தொழிற்சாலை போட்டதும் இதற்குத்தான், தனியாக நின்றால் விலை கேட்க முடியாது என்பதற்குத்தான்.

அதே அப்பாவின் தோட்டத்தில் இப்போது பறிப்பது ஜார்க்கண்டிலிருந்து வந்த நான்கு பெண்கள். அவர்களுக்குச் சங்கம் இல்லை, பாஷை தெரியாது. ஒன்றரை ஏக்கரில் நான்கே பேர் என்பதால் சட்டப்படி பிள்ளைமடுவமும் இல்லை. அன்று நாம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் குழந்தையைப் புடவைத் துணியில் கட்டி வேலி ஓரத்துச் சில்வர் ஓக் நிழலில் போட்டுவிட்டுப் பறித்துக்கொண்டிருந்தாள். நீ பார்த்தாயா தெரியவில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று உன் அப்பா கணக்குப் பார்க்கும்போது அவர் கழித்தது எவ்வளவு என்று நானும் அன்று கேட்கவில்லை. அது இந்த ஒரு வாரமாக என்னை உறுத்துகிறது. அண்ணனிடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒன்றரை பிடிக்கிறேன், ஏஜென்ட் என்கிட்ட ரெண்டு பிடிக்கிறானே, நான் என்ன பண்ண" என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி பந்தலூர் வருகிறேன். அம்மாவையும் கூட்டி வருகிறேன். பதினொரு மணிக்கு முதல் நிறுவை என்று அண்ணன் சொன்னார். வெறும் சாக்கை ஒரு தடவை தராசில் மாட்டிப் பார்ப்போம், நீயும் இரு.