நன்கொடை அட்டையும் நம் வரிப்பணமும்

பிள்ளையின் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நேற்று நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் விட்டுவிடுங்கள், அதையெல்லாம் மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நான் கேட்டது ஒன்றுதான்: பள்ளி கொடுத்தனுப்பும் நன்கொடை அட்டையில் தெரிந்தவர்களிடம் எழுதி வாங்கி, அதிகம் திரட்டிய பிள்ளைகளை மேடையேற்றிப் பரிசு கொடுக்கத்தான் வேண்டுமா? "முடியாதவங்க கொடுக்க வேண்டாமே, எதுக்குப் பொறாமை?" என்றார் ஒரு புண்ணியவான். பொறாமையாம்!

சரி, கணக்கே பேசுவோம். சிங்கப்பூரின் இப்போதைய விதிப்படி, தகுதிபெறும் நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. பள்ளிக்கு 1,000 வெள்ளி கொடுப்பவரின் வருமானத்தில் 2,500 வெள்ளிக்கு வரி இல்லை. ஆண்டுக்கு ஒரு மில்லியனுக்குமேல் சம்பாதிப்பவருக்கு, அந்த மேல்தொகைக்கான வரி 24 விழுக்காடு. ஆக 600 வெள்ளி அவருக்கு மிச்சம். அவர் கொடுத்த ஆயிரத்தில் 600 அரசாங்கத்துக்கு வரவேண்டிய பணம். நம் பணம். வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாதவர் மகனின் அட்டையில் 10 வெள்ளி எழுதினால், பத்தும் அவர் பையிலிருந்துதான் போகிறது. இதில் யார் பெரிய வள்ளல் என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் அப்பா செம்பவாங்கில் கப்பல் பட்டறை வேலை. நன்கொடை அட்டை வந்தால் முதல் வரியில் அவரே 5 வெள்ளி என்று எழுதிவிடுவார், அடுத்து எழுதுபவர்கள் அதற்குக் கீழே போகக் கூசுவார்கள் என்று! அப்புறம் நான் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒவ்வொரு கதவாகத் தட்டுவேன். பக்கத்து வீட்டு மக்சிக், அந்த மலாய் அம்மா, சில்லறையை எண்ணி எண்ணிக் கொடுப்பார். மறுநாள் ஆசிரியர் ஒவ்வொருவர் தொகையையும் வகுப்பில் உரக்கப் படிப்பார். என் பெயர் வரும்போது மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். இதற்கும் பொறாமை என்றுதான் பெயரா?

"எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளிதான்" என்று இதற்குள் ஒருவர் ஆரம்பித்திருப்பார். ஆசிரியர் சம்பளம் கல்வி அமைச்சு கொடுக்கிறது, தொடக்கநிலையில் குடிமக்களுக்குப் பள்ளிக் கட்டணம் இல்லை, எடுசேவ் என்ற அரசாங்கக் கல்வி நிதி இருக்கிறது, நிதியுதவித் திட்டத்தில் பாடநூலும் சீருடையும் இலவசம். எல்லாம் தெரியும், மறுக்கவில்லை. நான் பேசுவது அதற்குமேல் வந்து சேரும் பணத்தைப் பற்றி. பெரிய முன்னாள் மாணவர் சங்கம் உள்ள பள்ளி ஒரு இரவு விருந்தில் திரட்டுவதை, அக்கம்பக்கப் பள்ளி ஆண்டு முழுக்கக் கேளிக்கைச் சந்தை நடத்தினாலும் திரட்ட முடியுமா? அரசு உதவிபெறும் பள்ளிகள் கட்டடச் செலவில் ஒரு பங்கைத் தாங்களே தேட வேண்டும் என்பது நியாயமான வாதம். அதற்கு மட்டும் விலக்கு கொடுங்கள். மற்றபடி, வரிக்கழிவு வேண்டுமென்றால் பாதித் தொகை எல்லாப் பள்ளிகளுக்குமான பொது நிதிக்குப் போகட்டும். வேண்டாமென்றால் முழுவதையும் உங்கள் பள்ளிக்கே கொடுங்கள், சொந்தக் காசில். யார் கையைப் பிடித்தார்கள்?

"அப்படிச் செய்தால் யாரும் கொடுக்க மாட்டார்கள்" என்கிறார்கள். அப்படியானால் அதை நன்கொடை என்று சொல்லாதீர்கள், விஷயம் முடிந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் ஒருவர் எழுதினாரே, "உதவி தேவைன்னா சிண்டாவைக் கேளுங்க" என்று, அதுவும் தமிழில், நம்மாள்! சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கு என் சம்பளத்திலும்தான் மாதாமாதம் பிடிக்கிறார்கள் ஐயா. அங்கே துணைப்பாடத்துக்கு வரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், யாரும் பிச்சை கேட்டு வரவில்லை. நான் என் பிள்ளைக்காகக் கேட்டதாக உங்களுக்கு எப்படித் தோன்றியது? தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் தோன்றியதா? நாலு வெள்ளி சேர்ந்ததும் நம்மவர்களே நம்மவர்களை இப்படிப் பார்ப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள், நல்லது. இங்கே வந்து "உங்க பிள்ளை எந்தப் பள்ளி?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: சொல்ல மாட்டேன்.